நான் இங்கே இருக்கிறேன்: ஓர் ஏ.பி.ஆர்.எஸ். பாக்கெட் கடந்துசெல்லும் வழி

ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் (ஹாம்கள்) நடத்தும் அமெச்சூர் வானொலியில், 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் குமிழைத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பேச்சுக்குரலே இருக்காது. யாரோ துணியைச் சட்டென்று கிழித்தது போல ஒரு விநாடிக்கும் குறைவான கரகரப்பு மட்டும் கேட்கும். பிறகு அமைதி. மறுபடி ஒரு கரகரப்பு, இம்முறை சற்று மெலிதாக. காதுக்கு அது வெறும் இரைச்சல். ஆனால் அந்தக் கிழிசலுக்குள் ஒரு வாகனத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும், அது போகும் திசையும் வேகமும், அதை ஓட்டுகிறவருக்கு உரிமத்தோடு தரப்பட்ட அடையாளப் பெயரான அழைப்புக்குறியும் அடங்கியிருக்கின்றன. இரண்டாவதாக மெலிதாகக் கேட்டதும் அதே செய்திதான். தொலைவில் ஒரு மலைமேல் இருக்கும் ரிலே நிலையம் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

இப்படி ஒரே மூச்சில் அனுப்பப்படும் சிறு தரவுத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். இந்த முறையின் பெயர் ஏ.பி.ஆர்.எஸ். விரித்தால் 'ஆட்டோமேட்டிக் பாக்கெட் ரிப்போர்ட்டிங் சிஸ்டம்'. புதிதாக வருகிறவர்களில் பலர் இதை, வண்டி எங்கே போகிறது என்று இணைய வரைபடத்தில் பார்க்க உதவும் வசதி என்றே புரிந்துகொள்கிறார்கள். அந்தப் புரிதலோடு தொடங்கினால் இதில் இருக்கும் பாதி விதிகள் தேவையற்ற சிக்கலாகத் தோன்றும். அலைபேசியே அந்த வேலையைச் செய்துவிடுகிறதே என்றும் தோன்றும். மாறாக, ஒரு வட்டாரத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் சொல்வதை மற்ற அனைவரும் கேட்கும் ரேடியோ வலை இது என்று பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாகத் தெரிந்துவிடும். நான் விளக்கப்போவதும் அந்த வழியில்தான்.

எதற்காகப் பிறந்தது

ஒரு நீண்ட ஓட்டப்பந்தயத்துக்கோ, காட்டில் காணாமல்போன ஒருவரைத் தேடும் பணிக்கோ, ஹாம்கள் குரல் வழியாகத் தொடர்பு கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒருவர் அமர்ந்து ஒவ்வொருவரையாக அழைத்து "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். பதில் வருகிறது. தாளில் குறித்துக்கொள்கிறார். கடைசி ஆளின் இடத்தைக் கேட்டு முடிப்பதற்குள் முதல் ஆள் வேறெங்கோ போயிருப்பார். கேள்வியும் பதிலுமாக அலைவரிசை நிரம்பிக் கிடக்கும்போது, உண்மையிலேயே அவசரமான செய்தியோடு வருகிறவருக்கு இடமில்லை.

இந்தச் சிக்கலைப் பிடித்துக்கொண்டவர் பாப் புருனிங்கா. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பணியாற்றிய பொறியாளர். அவருடைய அழைப்புக்குறியான டபிள்யூ.பி.4.ஏ.பி.ஆர். என்பதிலேயே ஏ.பி.ஆர். என்ற மூன்று எழுத்துகளும் இருக்கின்றன. 1982இல் ஆப்பிள் 2 கணினியில், கடற்படையின் இருப்பிட அறிக்கைகளை வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டும் ஒரு நிரலை எழுதினார். 1984இல் காமடோர் விக்-20 என்ற சிறிய வீட்டுக் கணினியில் அதை மேம்படுத்தி, 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரைகளின் நிலையைத் தெரிவிக்கப் பயன்படுத்தினார். அப்போது வண்டிகளில் ஜி.பி.எஸ். கிடையாது, இடத்தை மனிதர்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஜி.பி.எஸ். கருவிகள் தனிமனிதர் வாங்கக்கூடியதாக மாறிய 1990களின் தொடக்கத்தில்தான் இன்று நாம் அறியும் ஏ.பி.ஆர்.எஸ். உருவானது.

பெயரில் இருக்கும் 'பி' தொடக்கத்தில் 'பொசிஷன்' என்பதைக் குறித்தது. பின்னாளில் அது 'பாக்கெட்' ஆயிற்று. அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. 2022இல் மறையும்வரை புருனிங்கா சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது இது: இருப்பிடம் என்பது இதில் ஒரு பகுதிதான், சுற்றுவட்டாரத்தில் இந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை எல்லோர் திரையிலும் ஒரே சமயத்தில் கொண்டுவருவதே நோக்கம். அவர் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

கரகரப்புக்குள் என்ன இருக்கிறது

முதலில் ஒலி. பிட்களை ஒலியாக்கும் மோடம் என்ற கருவி இரண்டு தொனிகளை மாற்றி மாற்றி எழுப்புகிறது: ஒன்று 1200 ஹெர்ட்ஸ், மற்றொன்று 2200 ஹெர்ட்ஸ். அனுப்ப வேண்டிய பிட் 0 என்றால் தொனி மாறும். 1 என்றால் இருந்த தொனியே நீடிக்கும். விநாடிக்கு 1200 பிட்கள். இது பழைய தொலைபேசி மோடம்களின் முறை. இன்றைய கண்ணோட்டத்தில் ஆமை வேகம். ஆனால் இதில் ஒரு பெரிய வசதி உண்டு. வெறும் ஒலி என்பதால், பேசுவதற்காகச் செய்யப்பட்ட எந்த எஃப்.எம். ரேடியோவிலும் மைக் வழியாக உள்ளே செலுத்தலாம், ஸ்பீக்கர் வழியாக வெளியே எடுக்கலாம். ரேடியோவைத் திறந்து எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பிட்கள் அடுக்கப்படும் ஒழுங்குக்கு ஏ.எக்ஸ்.25 என்று பெயர். ஒரு பாக்கெட்டில் முதலில் பெறுநருக்கான இடம், அடுத்து அனுப்புநரின் அழைப்புக்குறி, அதன்பின் 'பாதை', பிறகு செய்தி, கடைசியில் சரிபார்ப்புக்கான 16 பிட்கள். ஒருவர் வீட்டிலும் காரிலும் கையிலும் தனித்தனி ரேடியோ வைத்திருக்கலாம் என்பதால், அழைப்புக்குறியின் பின்னால் 0 முதல் 15 வரை ஓர் எண் சேரும். 9 என்றால் பெரும்பாலும் கார், 7 என்றால் கையில் வைத்திருக்கும் ரேடியோ, 13 என்றால் வானிலை நிலையம். இவை கட்டாயச் சட்டமல்ல, பழக்கத்தில் படிந்த உடன்பாடு. இருந்தாலும் பின்பற்றுவது நல்லது. எண்ணைப் பார்த்ததுமே, பதில் சொல்லக்கூடிய மனிதர் மறுமுனையில் இருக்கிறாரா, வெறும் கருவியா என்று மற்றவர்கள் அறிந்துகொள்வார்கள்.

செய்திப் பகுதியில் இடம் பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கலையின் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் எழுதப்படுகிறது. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு ஏறத்தாழ 18.5 மீட்டர். எந்தச் சாலையில் எந்த வளைவு என்று சொல்ல அது போதும். இதே கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்தி, தன் வீடு துல்லியமாகத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர் கடைசி இலக்கத்தை வெற்றிடமாக விடலாம். அப்போது இடம் சுமார் 185 மீட்டர் அளவுக்கு மங்கும். இரண்டு இலக்கங்களை விட்டால் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். இதற்கு நெறிமுறையிலேயே இடமிருக்கிறது. இடத்தோடு கார், வீடு, நடப்பவர், பலூன் என்று வரைபடத்தில் தோன்ற வேண்டிய சின்னத்தைக் குறிக்கும் எழுத்துகளும் போகும். வேகம் 'நாட்' என்ற அலகில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று சொல்லப்படும்; உயரம் அடியில். கடல்வழியும் வான்வழியும் பழகிய அளவுகள் இவை.

ஒரு முக்கியமான விஷயம். இருப்பிட பாக்கெட்டை அனுப்பியவர் 'கிடைத்தது' என்ற பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுவார். கேட்கிறவர் பக்கத்தில் ஒரே ஒரு பிட் கெட்டுப்போனாலும் சரிபார்ப்புக் கணக்கு பொருந்தாது. முழு பாக்கெட்டும் ஓசையின்றித் தள்ளப்படும். பாதி கேட்டது, முக்கால் கேட்டது என்பதெல்லாம் இங்கே இல்லை. முழுதும் கிடைக்கும், அல்லது எதுவுமே கிடைக்காது. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம்தான் அடித்தளம்.

ஏன் ரிலே நிலையம் வேண்டும்

144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் (அலைநீளம் சுமார் இரண்டு மீட்டர்) பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவு மறைத்தால் சிக்னலும் மறையும். எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். காரின் கூரையில் 1.5 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா இருந்தால் தொடுவானம் வெறும் 5 கிலோமீட்டர். அப்படிப்பட்ட இரண்டு கார்கள் ஒன்றையொன்று கேட்க வேண்டுமானால், இடையில் கட்டடமும் மரமும் இல்லாத வெட்டவெளியில்கூட 10 கிலோமீட்டர்தான் கணக்கு. அதே கார் 900 மீட்டர் உயர மலைமேல் இருக்கும் ஒரு நிலையத்தைப் பார்க்கிறது என்றால் தூரம் 125 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. வாட்டைக் கூட்டி இதைச் சாதிக்க முடியாது. ரேடியோவில் உயரத்தை வெல்லும் சக்தி வேறொன்றுமில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆகவே உயரத்தில் ஒரு நிலையத்தை வைத்து, அது கேட்டதைத் திரும்பச் சொல்லச் செய்கிறோம். அதன் பெயர் டிஜிப்பீட்டர். பேச்சுக்கான ரிப்பீட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பேச்சு ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்டுக்கொண்டே, அதே கணத்தில் இன்னோர் அதிர்வெண்ணில் ஒலிபரப்புகிறது. தன் சொந்த ஒலிபரப்பு தன் காதையே அடைத்துவிடாமல் இருக்கப் பெரிய வடிகட்டிகள் தேவை. டிஜிப்பீட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. முழு பாக்கெட்டையும் கேட்டு முடித்து, நினைவில் வைத்து, சரிபார்த்து, பிறகு அதே அதிர்வெண்ணில் புதிதாக எழுப்புகிறது. ஒரு ரேடியோ, ஓர் ஆண்டெனா, ஒரு சிறிய மோடம், இவ்வளவே. மங்கலாக வந்த சிக்னலும் அங்கிருந்து புத்தம்புதிதாகத் தெளிவோடு கிளம்புகிறது. சேர்ந்து வந்த இரைச்சல் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. கேட்பதும் சொல்வதும் ஒரே அதிர்வெண்ணில் என்பதால், டிஜிப்பீட்டர் பேசும் நேரம் முழுவதும் அதற்குக் காது கேட்காது. அந்த நேரத்தில் வந்த பாக்கெட்டுகள் அதைப் பொறுத்தவரை வராதவையே.

அந்த ஒரே அதிர்வெண் எது என்பது நாட்டுக்கு நாடு மாறும். வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 144.800, ஆஸ்திரேலியாவில் 145.175. நீங்கள் இருக்கும் இடத்தில் எது என்பதை அங்குள்ள ஹாம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாதை என்பது ஒரு வேண்டுகோள்

புதியவர்களை அதிகம் குழப்புவது பாக்கெட்டில் இருக்கும் 'பாதை'. 'வைட் 1-1, வைட் 2-1' என்று யாரோ சொன்னதை அப்படியே ரேடியோவில் பதிந்துவிட்டு, பொருள் தெரியாமலே பல ஆண்டுகள் ஓட்டுகிறவர்கள் உண்டு. பொருள் தெரிந்தால் பத்து நிமிட வேலை.

ஒரு காரிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுக்கு வழியில் எந்தெந்த டிஜிப்பீட்டர்கள் இருக்கின்றன என்று தெரியாது. ஊர் மாற மாற நிலையங்களும் மாறும். ஆகவே குறிப்பிட்ட நிலையத்தின் பெயரைச் சொல்லாமல் எல்லா டிஜிப்பீட்டர்களுக்கும் பொதுவான ஒரு பெயரைச் சொல்கிறோம். அதுதான் 'வைட்'. அதன்பின் இரண்டு எண்கள். ஒரு டிஜிப்பீட்டர் ஒருமுறை திரும்பச் சொல்வது ஒரு தாவல். முதல் எண் நாம் கேட்கும் மொத்தத் தாவல்கள். இரண்டாவது எண் இன்னும் மீதமிருக்கும் தாவல்கள். 'வைட் 2-2' என்று கிளம்பிய பாக்கெட்டை முதல் டிஜிப்பீட்டர் கேட்டதும், தன் அழைப்புக்குறியைப் பாதையில் செருகி, மீதியை ஒன்று குறைத்து, 'வைட் 2-1' என்று ஆக்கி அனுப்புகிறது. அடுத்த டிஜிப்பீட்டர் அதைக் கேட்டு மீதியைத் தீர்த்துவிடுகிறது. பயன்படுத்தப்பட்ட இடத்தில் ஒரு குறி விழுகிறது. திரையில் அது நட்சத்திரமாகத் தெரியும். மீதி தீர்ந்த பாக்கெட்டை வேறு எந்த டிஜிப்பீட்டரும் தொடாது. பாதையைப் படித்தாலே பாக்கெட் யார் யாரைக் கடந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் 'வைட் 1-1' எதற்கு? மலைமேல் இருக்கும் பெரிய டிஜிப்பீட்டருக்கும் கேட்காத பள்ளங்கள் இருக்கும். அங்கே ஒரு ஹாம் தன் வீட்டிலிருந்தே ஒரு சிறிய டிஜிப்பீட்டரை இயக்கலாம். அது 'வைட் 1-1' என்ற சொல்லுக்கு மட்டும் பதில் கொடுக்கும். 'வைட் 2'ஐக் கண்டுகொள்ளாது. பெரிய நிலையங்கள் இரண்டுக்கும் பதில் கொடுக்கும். ஆகவே 'வைட் 1-1, வைட் 2-1' என்று நகரும் வாகனம் அனுப்பினால், முதல் தாவலுக்குச் சிறிய நிலையமோ பெரிய நிலையமோ யார் கேட்டாலும் உதவலாம். இரண்டாவது தாவலைப் பெரிய நிலையம் மட்டுமே செய்யும். மொத்தம் இரண்டு தாவல்கள். வரிசையை மாற்றி 'வைட் 1-1'ஐப் பின்னால் வைப்பது பெரிய தவறு. மலையிலிருந்து இறங்கிவந்த பாக்கெட்டை, அதை ஏற்கனவே கேட்டுவிட்ட பகுதியில் இருக்கும் சிறிய நிலையங்கள் எல்லாம் ஒருசேர மறுபடி கத்தத் தொடங்கும். கூரைமேல் நல்ல ஆண்டெனா வைத்து மலையை நேரடியாக எட்டக்கூடிய வீட்டு நிலையத்துக்கு 'வைட் 1-1' தேவையே இல்லை. 'வைட் 2-1' பெரும்பாலும் போதும்.

எதிரொலி போல ஒரே பாக்கெட் இரண்டு மலைகளுக்கு இடையே முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்காதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தொடக்க காலத்தில் அது உண்மையிலேயே நடந்தது. இன்றைய டிஜிப்பீட்டர், தான் அனுப்பிய பாக்கெட்டின் அனுப்புநர், பெறுநர், செய்தி ஆகிய மூன்றையும் சுமார் அரை நிமிடத்துக்கு நினைவில் வைத்திருக்கிறது. அதே மூன்றும் மறுபடி வந்தால், வேறு பாதையில் வந்திருந்தாலும், மௌனமாகிவிடும்.

கூடுதல் தாவல் கேட்டால் கூடுதல் தூரம் போகுமே, ஏழு கேட்டால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் தாவல் நேர்க்கோட்டில் நீளும் சங்கிலி அல்ல. குளத்தில் கல்லெறிந்தது போல எல்லாத் திசையிலும் வட்டமாக விரிகிறது. முதல் தாவலில் ஒரு நிலையம் பேசினால், இரண்டாவதில் அதைக் கேட்ட நான்கைந்து நிலையங்கள் பேசும்; மூன்றாவதில் பத்துக்கு மேல். உங்கள் கார் திரும்பிய செய்தி, அதனால் எந்தப் பயனும் இல்லாத ஒரு தொலைதூர வட்டாரத்தின் நேரத்தைத் தின்னும். அங்கே அந்தக் கணத்தில் யாரோ சொல்ல வந்தது நசுங்கிப்போகும். பாதை என்பது மற்றவர்களின் ரேடியோ நேரத்தைக் கேட்டு நாம் விடுக்கும் வேண்டுகோள். இரண்டு தாவல்களுக்கு மேல் கேட்பதற்கு, ஆளே இல்லாத நெடுந்தொலைவுப் பாலைவனங்கள் தவிர, எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

கூட்டம் கூடினால் என்ன ஆகும்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண இருப்பிட பாக்கெட் 80 பைட்டுகள் அளவில் இருக்கும். 1200 பிட் வேகத்தில் அது அரை விநாடிக்குச் சற்று அதிகம். ரேடியோ ஒலிபரப்புக்கு மாறி நிலைகொள்ள இன்னும் 0.3 விநாடி. ஆக ஒரு பாக்கெட் ஏறத்தாழ 0.85 விநாடி. அதை இரண்டு டிஜிப்பீட்டர்கள் திரும்பச் சொன்னால், மூன்றையும் கேட்கும் இடத்தில் இருப்பவருக்கு அது இரண்டரை விநாடி. இருபது வாகனங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் அறுபது விநாடிகளில் ஐம்பது விநாடிகள் போய்விட்டன. ஐம்பது வாகனங்கள் என்றால் நிமிடமே போதாது.

ஐம்பது விநாடிகளாவது நிம்மதியாகப் போகுமா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு ரேடியோவும் பேசுவதற்கு முன் அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறது. ஆனால் மலையின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு கார்கள் ஒன்றையொன்று கேட்பதில்லை. இரண்டுக்கும் அலைவரிசை காலியாகவே தோன்றும். இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். உச்சியில் இருக்கும் டிஜிப்பீட்டருக்கோ இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எஃப்.எம். முறையில் வலுவான சிக்னல் மெலிந்ததை அழுத்தி முன்னே வருவது உண்டு. இரண்டும் சமபலம் என்றால் இரண்டுமே பாழ். இந்த மாதிரி யாரும் யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்குப் பேசும் வலையின் எல்லை 1970களிலேயே கணக்கிடப்பட்டுவிட்டது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிராம்சனும் அவர் குழுவினரும் 1971இல் இயக்கிய அலோஹாநெட் என்ற ரேடியோ வலையிலிருந்து வந்த கணக்கு அது: இத்தகைய அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 விழுக்காடுதான் பயனுள்ள செய்தியாகக் கடந்துசெல்லும். அதற்கு மேல் திணித்தால் மோதல்கள் பெருகி, கடந்துசெல்வது குறையத் தொடங்கும். ஏ.பி.ஆர்.எஸ். ஓரளவு கேட்டுப் பேசுவதால் அதைவிடச் சற்று மேல். ஆனாலும் மலையுச்சி நிலையத்தின் அனுபவம் இந்தக் கணக்குக்கு அருகிலேதான் இருக்கும்.

இதனால்தான், நகராத வீட்டு நிலையம் அரை மணிக்கு ஒருமுறை அறிவித்தால் போதும் என்கிறோம். வீடு ஓடிப்போய்விடப் போவதில்லை. வாகனத்துக்கு ஒன்று இரண்டு நிமிட இடைவெளி சரி. அதைவிட அறிவான வழி ஒன்று இருக்கிறது; 'ஸ்மார்ட் பீக்கனிங்' என்று பெயர். வேகமாக நேர்ச்சாலையில் போனால் ஓர் இடைவெளி. மெதுவாகப் போனால் நீண்ட இடைவெளி. நின்றுவிட்டால் இன்னும் நீளம். சாலையில் திரும்பினால் மட்டும் உடனே ஒன்று. திருப்பங்களில் புள்ளி விழுவதால் வரைபடத்தில் கோடு சாலையோடு ஒட்டிப் போகும். குறைவான பாக்கெட்டுகளில் சிறந்த படம். உங்கள் ரேடியோவில் இந்த வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

பலூன்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் அது. 30 கிலோமீட்டர் உயரத்தில் ஏறிய பலூனின் தொடுவானம், மேலே சொன்ன கணக்கின்படி, 700 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. காரில் பயன்படுத்திய அதே பாதையோடு அதை அனுப்பிவிட்டால், அந்தப் பரப்புக்குள் இருக்கும் அத்தனை டிஜிப்பீட்டர்களும் ஒரே சமயத்தில் வாய் திறக்கும். அவ்வளவு உயரத்தில் இருப்பதற்கு ரிலே எதற்கு? அதுவே உயரமான மலை. பாதையைக் காலியாக விட்டாலே கீழே கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். தரையை நெருங்கும்போது மட்டும் ஒரு தாவல் தேவைப்படலாம்.

இணையம் எங்கே வருகிறது

ஐகேட் என்ற நிலையம் ரேடியோவில் கேட்ட பாக்கெட்டுகளை இணையத்தில் இருக்கும் ஏ.பி.ஆர்.எஸ். சர்வர்களுக்குக் கொடுக்கிறது. ஏ.பி.ஆர்.எஸ்.ஃபை போன்ற வரைபடத் தளங்கள் அங்கிருந்து எடுத்துக் காட்டுகின்றன. நல்ல ஐகேட் எதிர்த்திசையிலும் வேலை செய்யும்: இணையம் வழியாக உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தால், அண்மையில் உங்களைத் தன் வட்டாரத்தில் கேட்டிருக்கிறது என்றால் அதை ரேடியோவில் எழுப்பும். கேட்க மட்டும் செய்யும் ஐகேட்டுகள் நிறைய இருக்கின்றன. திரும்பப் பேசுவன குறைவு. ஒன்று அமைக்கத் திட்டமிடுகிறவர்கள் இருவழியாக அமைத்தால் உதவி பெரிது.

வரைபடத்தைப் படிக்கும்போது ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். உங்கள் பாக்கெட்டை நான்கு ஐகேட்டுகள் நான்கு வழிகளில் கேட்டு அனுப்பினாலும், முதலில் வந்து சேர்ந்த பிரதியை மட்டும் சர்வர் வைத்துக்கொள்ளும். மற்ற மூன்றும் நகல் என்று தள்ளப்படும். ஆகவே 'என் பாக்கெட் மலை டிஜிப்பீட்டருக்குப் போகவே இல்லை, வரைபடம் காட்டவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்துத் தெரு ஐகேட் முந்திக்கொண்டிருக்கலாம். அதேபோல, வரைபடத்தில் புள்ளி விழவில்லை என்பதற்காக ரேடியோவில் யாரும் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இணையம் அறுந்த நாளில் வரைபடத் தளம் வெறிச்சோடிப்போகும். மலைமேல் மின்கலத்தில் ஓடும் டிஜிப்பீட்டரும், அதைக் கேட்கும் கார்களும் வழக்கம்போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

எல்லோரும் பார்க்கலாம் என்பதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள். அமெச்சூர் வானொலியில் பொருளை மறைக்கும் சங்கேதக் குறியீடு பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. நீங்கள் அனுப்பும் இருப்பிடம் அழைப்புக்குறியோடு வெளிப்படையாகப் போகும், தளங்களில் நீண்ட காலம் சேமிக்கப்படும். வீடு பூட்டியிருக்கிறது என்பதும் அதில் தெரியும். வேண்டாத நாளில் பீக்கனை, அதாவது தானாக இடத்தை அறிவிக்கும் வசதியை, அணைத்துவிடுவது எளிது.

புள்ளிகளைத் தாண்டி

67 எழுத்துகள் வரை ஒருவருக்கு நேரடியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இதற்கு மட்டும் மறுமுனையிலிருந்து 'கிடைத்தது' என்று ரேடியோவே பதில் தரும், பதில் வரும்வரை சில முறை முயலும். வானிலை நிலையங்கள் காற்றின் வேகம், மழையளவு, வெப்பநிலை ஆகியவற்றை அறிவிக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது 'பொருள்' என்ற வகை: ரேடியோ இல்லாத ஒன்றை, உதாரணமாக மூடப்பட்ட பாலத்தையோ முதலுதவிக் கூடாரத்தையோ, ஒரு ஹாம் எல்லோர் வரைபடத்திலும் வைக்கலாம். அந்த வட்டாரத்தின் பேச்சு ரிப்பீட்டர் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்பதையும் அப்படியே அறிவிக்கலாம். புதிதாக அந்தப் பகுதிக்குள் நுழையும் காரின் திரையில் அது தானாக வந்து நிற்கும்.

விண்வெளியிலும் டிஜிப்பீட்டர்கள் இருந்திருக்கின்றன. புருனிங்காவின் மாணவர்கள் கட்டிய பி.சி.சாட் என்ற செயற்கைக்கோள் 2001 செப்டம்பரில் ஏவப்பட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஹாம் கருவிகள் 145.825 மெகாஹெர்ட்ஸில் டிஜிப்பீட்டராக இயங்கும் காலங்கள் உண்டு. 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அதற்குச் சுற்றிலும் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தெரியும். அது தலைக்கு மேல் போகும் பத்து நிமிடங்களுக்குள், கையடக்க ரேடியோவிலிருந்து கிளம்பிய ஒரு பாக்கெட் இரண்டு மூன்று நாடுகளில் கேட்கும்.

எங்கே தொடங்குவது

முதலில் கேளுங்கள். ஒரு ரேடியோவின் ஸ்பீக்கர் வெளியீட்டைக் கணினியின் ஒலி உள்ளீட்டில் இணைத்து, டயர் வுல்ஃப் போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் கரகரப்புகள் எழுத்துகளாக மாறத் தொடங்கும். சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வையுங்கள். மூடியிருந்தால் அது திறப்பதற்குள் பாக்கெட்டின் தலைப்பகுதி போய்விடும், தலை போனால் எல்லாம் போயிற்று. பேட்டரிச் சேமிப்பு முறையையும் அதே காரணத்துக்காக அணையுங்கள். இரண்டு நாள் கேட்டாலே உங்கள் வட்டாரத்தில் எந்த டிஜிப்பீட்டர்கள் இயங்குகின்றன என்று பாதைகளைப் படித்தே ஒரு படம் போட்டுவிடலாம்.

ஒலிபரப்ப உரிமம் வேண்டும். அழைப்புக்குறி இல்லாமல் ஒரு பாக்கெட்கூட அனுப்பக் கூடாது. அனுப்பத் தொடங்கும்போது நான் பார்த்தவரை பெரும்பாலோர் செய்யும் தவறு ஒலியளவை ஏற்றிவைப்பது. சத்தமாகச் சொன்னால் நன்றாகக் கேட்கும் என்ற நினைப்பு பேச்சில் வேண்டுமானால் பலிக்கும். இங்கே தொனிகள் உருக்குலைந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூட ஒரு பாக்கெட்டும் தேறாது. என் முதல் நிலையம் ஒரு வாரம் முழுக்க அனுப்பியும் யாருக்கும் கேட்கவில்லை. ஆண்டெனாவை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், கூரையில் இன்னும் ஓர் ஆள் உயரம் ஏற்றினேன். கடைசியில் மூத்த ஹாம் ஒருவர் என் சிக்னலைக் கேட்டுவிட்டு, "ஒலியைப் பாதியாகக் குறையுங்கள்" என்றார். குறைத்தேன். அனுப்பும் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். கரகரப்பு எழுந்து அடங்கியது. ஒரு விநாடி கழித்து ஸ்பீக்கரில் இன்னொரு கரகரப்பு, தொலைவிலிருந்து. திரையில் என் அழைப்புக்குறி. அதன் பக்கத்தில், நான் ஒருபோதும் ஏறியிராத ஒரு மலையின் டிஜிப்பீட்டர் பெயரும் ஒரு நட்சத்திரமும் இருந்தன.